மாடியில ஆவாரை பூத்துக் கொட்டுது, ஆனா ஒரு காய்கூட பிடிக்கல. ஏன்?

மாடித்தோட்டம்_மதுரை:
எல்லாருக்கும் வணக்கம். திருமங்கலம் தாண்டி ரோட்டோரத்துல நின்ன ஆவாரஞ்செடியில நெத்து பறிச்சுட்டு வந்து விதை போட்டேன், இப்ப அது மாடியில பெரிய சிமெண்ட் தொட்டியில இடுப்புக்கு மேல வளந்து நிக்குது. பூவுன்னா பூ, அப்படி ஒரு பூ, ஐப்பசியில ஆரம்பிச்சது இன்னும் நிக்கல. ஆனா காய் பிடிக்கவே மாட்டேங்குது, பூ வாடுது, காம்போட உதிருது, அவ்வளவுதான். ஊருக்குப் போற வழியில பாத்தா காட்டுச்செடியில பட்டை பட்டையா நெத்து தொங்குது, அதுக்கு யாரு தண்ணி ஊத்துறா? உரக்கடையில கேட்டா ஒருத்தர் பொட்டாஷ் பத்தலங்கிறார், இன்னொருத்தர் போரான் தெளிங்கன்னு பாக்கெட் குடுத்துட்டார். அடிச்சும் பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. என்ன குறைன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரிசல்காடு:
தம்பி, மொதல்ல அந்த உரத்தை எல்லாம் நிறுத்துங்க. ஆவாரைக்கு யாருமே உரம் போட்டது கிடையாது. எங்க ஊர் பக்கம் (கோவில்பட்டி) ஓடைக்கரை, சரளைமேடு, ரயில் தண்டவாள ஓரம்னு எதுவும் மொளைக்காத எடத்துல அதுதான் நிக்கும், ஆடுமாடும் கடிக்காது. உங்க செடி நல்லாப் பூக்குதுன்னா அதுக்கு ஒடம்புல ஒரு குறையும் இல்லன்னு அர்த்தம். பூவுல யாரு வந்து உக்காருறாங்கன்னு பாத்தீங்களா? கருவண்டு வருதா?

மாடித்தோட்டம்_மதுரை:
கருவண்டு பாத்ததில்லண்ணா. சின்னத் தேனீ வருது, காலையில நாலஞ்சு சுத்திக்கிட்டே இருக்கும். வீட்டைச் சுத்தி எல்லாம் அபார்ட்மெண்ட்தான்.

தாவரவியல்_பாடம்:
கரிசல்காடு ஐயா கேட்ட கேள்வியிலயே பதில் இருக்கு. கல்லூரியில பல வருஷம் இந்தப் பூவைப் பசங்க கையில குடுத்து பிரிச்சுப் பாக்கச் சொல்லியிருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நாளைக்கு காலையில புதுசா விரிஞ்ச பூ ஒண்ணைப் பறிச்சு வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. குறுக்களவு ஏறக்குறைய 5 செ.மீ. இருக்கும். அஞ்சு இதழ், ஓரம் சுருங்கி நெளிஞ்சு இருக்கும், இதழ்ல ஆரஞ்சு கலந்த நரம்பு ஓடும். உள்ள மகரந்தத்தாள் பத்து. இந்தப் பத்தும் ஒரே மாதிரி இல்ல, அங்கதான் விஷயமே. மேல்பக்கம் இருக்கற மூணும் மலடு, அதுல மகரந்தம் கிடையாது. நடுவுல உள்ளது குட்டை. கீழ்ப்பக்கம் ரெண்டு மூணு மட்டும் நீளமா, வளைஞ்சு, பெருசா நிக்கும். சூலகத்தண்டும் அதே மாதிரி வளைஞ்சு நிக்கும்.

இப்ப ஒரு மகரந்தப்பையை லென்ஸ் வச்சுப் பாருங்க. மத்த பூவுல மகரந்தப்பை நீளவாக்குல வெடிச்சு, தொட்டாலே கையில மஞ்சளா ஒட்டிக்கும்ல, இதுல அப்படி வெடிக்காது. நுனியில மட்டும் ஒரு சின்னத் துளை. மகரந்தம் முழுக்க உள்ளயே அடைஞ்சு கிடக்கும். காத்து அடிச்சாலும் வராது, பூவை உலுக்கினாலும் லேசுல வராது. அது வெளிய வரணும்னா அந்தப் பையே அதிரணும்.

அந்த அதிர்வைக் குடுக்கறதுதான் கருவண்டு. நாம வண்டுன்னு சொன்னாலும் அது தேனீ இனம்தான், சைலோகோபா. மூங்கில்லயும் காஞ்ச மரத்துலயும் துளை போட்டு கூடு கட்டும். அது பூவுல தொங்கி, மகரந்தத்தாளைக் காலால அணைச்சுப் பிடிச்சு, றெக்கையை அடிக்காம பறக்கற தசையை மட்டும் வேகமா சுருக்கி விரிக்கும். அந்த நேரத்துல சத்தம் மாறும், பறக்கும்போது வர்ற ரீங்காரத்தை விட கீச்சுனு உசந்த சத்தமா கேக்கும். மகரந்தம் துளை வழியா பீச்சிக்கிட்டு வந்து அது ஒடம்புல அப்பிக்கும். நடுவுல உள்ள குட்டைத் தாள்ல வர்றது வண்டோட சாப்பாடு, கூட்டுக்குக் கொண்டு போயிரும். கீழ உள்ள நீளத் தாள்ல வர்றது அதோட முதுகுப்பக்கம், விலாப்பக்கம், அதோட காலுக்கு எட்டாத எடமாப் பாத்து ஒட்டும். அடுத்த பூவுல சூலகமுடி சரியா அந்த எடத்துல வந்து உரசும். ஒரே பூவுல கூலிக்கு ஒரு மகரந்தம், வேலைக்கு ஒரு மகரந்தம். இந்த வேலைப் பிரிவினையை 1880களிலயே ஃபிரிட்ஸ் முல்லர், ஹெர்மன் முல்லர் சகோதரர்கள் எழுதியிருக்காங்க, டார்வின் தன்னோட கடைசி நாட்கள்லகூட இதே மாதிரி ரெண்டு வகை மகரந்தத்தாள் இருக்கற பூக்களைப் பத்தி விசாரிச்சு 1882 ஏப்ரல்ல கடிதம் எழுதினார்.

உங்க மாடிக்கு வர்ற சின்னத் தேனீயால இந்த அதிர்வைக் குடுக்க முடியாது. நாட்டுத்தேனீ, இத்தாலியத் தேனீ ரெண்டுக்கும் அந்த வித்தை தெரியாது. சிந்திக் கிடக்கறதைப் பொறுக்கிட்டுப் போகும், சூலகமுடியைத் தொடவே தொடாது. அதனால பூ கருவுறல, உதிருது. பொட்டாஷும் போரானும் இதுக்கு ஒண்ணும் பண்ணாது.

கத்தரியும் தக்காளியும் இதே ரகம்தான், நுனித் துளை வழியா மகரந்தம் விடற பூக்கள். உலகத்துல சுமார் 20,000 வகைச் செடி இப்படி இருக்கறதா சொல்றாங்க.

செடிப்பைத்தியம்_கோவை:
சார் அருமை. ஆனா ஒரு சந்தேகம். சந்தையில ஆவாரம்பூ தேன்னு பாட்டில்ல விக்கறாங்களே, நாட்டுத்தேனீ இந்தப் பூவுல தேன் எடுக்காமலா அது வருது?

மார்த்தாண்டம்_தேன்பெட்டி:
இதுக்கு நான் பதில் சொல்றேன், பெட்டி வச்சுப் பிழைக்கறவன். ஆவாரம்பூவுல தேனே கிடையாது. சுத்தமா கிடையாது. அந்தப் பூ வர்றவங்களுக்கு மகரந்தத்தை மட்டும்தான் குடுக்கும். பூவோட அடியில உறிஞ்சிப் பாத்தாலும் இனிப்பு வராது, இட்லிப்பூ உறிஞ்சின பழக்கத்துல பாத்தா ஏமாந்துதான் போகணும். அப்போ பாட்டில்ல ஆவாரம்பூ தேன்னு ஒட்டியிருந்தா ஒண்ணு தேன்ல ஆவாரம்பூவை ஊற வச்சிருப்பாங்க, இல்ல வேற தேனுக்கு அந்தப் பேர் போட்டிருப்பாங்க. ஊற வச்சதுன்னா அதை அப்படியே சொல்லி விக்கலாம், யாரும் வேணாம்னு சொல்லப் போறதில்ல.

ஆனா தேனுக்கு பூ வேணும்னு கட்டாயம் இல்ல, அதையும் சொல்லிடுறேன். எங்க ஊர்ல கிடைக்கற தேன்ல பெரும்பங்கு ரப்பர் மரத்துல இருந்து வருது, ரப்பர் பூவுல இருந்து இல்ல, புதுசா துளிர்க்கற இலைக்காம்புல நுனியில சுரப்பி இருக்கு, அதுல கசியற இனிப்பைத்தான் தேனீ நக்கி எடுக்கும். துளிர் முத்திருச்சுன்னா வரத்து நின்னுரும், அதை வச்சுத்தான் நாங்க பெட்டியை எடத்துக்கு எடம் மாத்துறதே. ஆவாரையிலயும் இலையில சுரப்பி உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன், வாத்தியார்தான் சொல்லணும்.

தாவரவியல்_பாடம்:
உண்டு. ஆவாரை இலையில ஒவ்வொரு சிற்றிலை ஜோடிக்கும் நடுவுல, நடுநரம்பு மேல குச்சி மாதிரி மெலிசா ஒரு சுரப்பி நிமிர்ந்து நிக்கும். ஆவாரையோட சொந்தக்காரச் செடிகள் நிறையவற்றுல இந்த மாதிரி சுரப்பியை எறும்பு தேடி வரும், எறும்பு நடமாடுற கிளையில புழுத்தொல்லை குறையும். தேனீப்பெட்டி நிறையற அளவுக்கெல்லாம் அதுல வராது.

செடிப்பைத்தியம்_கோவை:
நன்றி சார். இன்னொண்ணும் கேட்டுடுறேன். நானும் ஆவாரை வைக்கணும்னு ஒரு நர்சரியில கேட்டு வாங்கிட்டு வந்தேன், 80 ரூபா. வளர்ந்து பாத்தா பூ மஞ்சளா நீளமா குழல் மாதிரி இருக்கு, கொத்தாத் தொங்குது, இலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கு. ஆவாரைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க, திரும்பப் போய்க் கேட்டா இதுவும் ஒரு வகை ஆவாரைன்னு சாதிக்கிறாங்க. இது என்ன செடி? அடுத்த தடவை வாங்கும்போது பூ இல்லாமலே ஆவாரையை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

தாவரவியல்_பாடம்:
நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா அது டெகோமா ஸ்டான்ஸ், நம்ம ஊர்ல சொர்ணப்பட்டின்னு சொல்லுவாங்க. தாயகம் அமெரிக்கா பக்கம், ஆவாரைக்கும் அதுக்கும் மஞ்சளைத் தவிர ஒட்டுறவே கிடையாது. குடும்பமே வேற.

பூ இல்லாம ஆவாரையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு எடத்தைப் பாத்தா போதும், இலைக்காம்பு தண்டுல ஒட்டுற எடம். அங்க ரெண்டு பக்கமும் இலையடிச்செதில் இருக்கும். பெரும்பாலான செடியில அது மயிரிழை மாதிரி இருந்து சீக்கிரம் உதிர்ந்துரும், நாம கவனிக்கவே மாட்டோம். ஆவாரையில அது பெருசா, வட்டமா, காதுமடல் மாதிரி விரிஞ்சு, இலை இருக்கற வரைக்கும் உதிராம நிக்கும். இதைப் பாத்துட்டா சந்தேகமே வேண்டாம். தாவரங்களுக்கு அறிவியல் பேர் வச்ச லின்னேயஸ் 1753ல இந்தச் செடிக்கு ஆரிகுலேட்டா, அதாவது காதுள்ளதுன்னு பேர் வச்சப்பவே இந்த அடையாளத்தைத்தான் பிடிச்சார்.

மத்தபடி, இலை ஒற்றைச் சிறகுக் கூட்டிலை, எட்டுல இருந்து பன்னெண்டு ஜோடி சிற்றிலை இருக்கும், நுனி மழுங்கி அதுல ஒரு சின்ன முள் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். பொழுது சாஞ்சா சிற்றிலை எல்லாம் மடிஞ்சுக்கும். காய் தட்டையா, காகிதம் மாதிரி மெலிசா, 7ல இருந்து 11 செ.மீ. நீளம் வரும், உள்ள விதை இருக்கற எடம் மட்டும் புடைச்சுக்கிட்டு வெளியவே எண்ணலாம், ஒரு காய்ல பன்னெண்டுல இருந்து இருபது விதை.

பழைய புத்தகம் வச்சிருக்கறவங்க இதைக் கேசியான்னு படிச்சிருப்பீங்க. இர்வின், பார்னபிங்கற ரெண்டு தாவரவியல் அறிஞர்கள் 1982ல அந்தப் பெரிய கூட்டத்தை மூணாப் பிரிச்சாங்க, அதுல இருந்து ஆவாரை சென்னா பேரினத்துல இருக்கு. சரக்கொன்றை கேசியாவுலயே நிக்குது. கொன்றைப் பூவைப் பாத்தீங்கன்னா கீழ உள்ள மூணு மகரந்தத்தாளோட காம்பு ரெண்டு வளைவா நெளிஞ்சு நீட்டிக்கிட்டு இருக்கும், சென்னாவுல அந்த நெளிவு கிடையாது. சென்னாவுல நிறைய வகைகள்ல ஒரு பூவுல சூலகத்தண்டு இடது பக்கம் சாயும், அடுத்த பூவுல வலது பக்கம் சாயும், கண்ணாடியில பாத்த மாதிரி. வண்டோட ஒரு விலாவுல ஒட்டினது எதிர்ச்சாய்வு உள்ள பூவுக்குப் போய்ச் சேரும்.

சித்தமருத்துவம்_ஓ.பி:
அடையாளம் பத்தி சார் சொன்னதுல நான் ஒண்ணு சேர்க்கணும், ஏன்னா இது உயிர் விஷயம். பேயாவிரைன்னு ஒண்ணு இருக்கு, சென்னா ஆக்சிடென்டாலிஸ். அதுவும் மஞ்சள் பூ, குப்பைமேட்டுல வளரும். இலைய கசக்கினா நாத்தம் அடிக்கும், சிற்றிலை நுனி கூரா இருக்கும், நாலஞ்சு ஜோடிதான் இருக்கும். உத்தரப்பிரதேசத்தோட மேற்கு மாவட்டங்கள்ல வருஷா வருஷம் மழைக்காலம் முடியறப்ப பிள்ளைங்க திடீர்னு மயங்கி, கல்லீரலும் மூளையும் பாதிச்சு இறந்துட்டு இருந்தாங்க, மூளைக்காய்ச்சல்னே ரொம்ப நாள் நினைச்சாங்க, கடைசியில அந்தப் பிள்ளைங்க விளையாடுறப்ப தின்ன இந்த விதைதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அதனால தெரியாத மஞ்சள் பூவை ஆவாரம்னு நினைச்சு பொடி பண்ணாதீங்க.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோங்கற பழமொழி எல்லாருக்கும் தெரியும். நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் எங்க மருத்துவத்துல காலங்காலமா இருக்கு, நானும் எழுதித் தர்றேன். 2002ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இருந்து வந்த ஆய்வுல நீரிழிவு உண்டாக்கின எலிகளுக்கு பூவோட சாறு குடுத்து சர்க்கரை இறங்கினதைப் பதிவு பண்ணியிருக்காங்க. ஆனா எலி வேற, மனுஷன் வேற. பூ டீ குடிக்கறேன்னு இன்சுலினை நிறுத்திட்டு ஆறாத புண்ணோட வர்றவங்களைப் பாக்கறப்ப மனசு கஷ்டமா இருக்கு. இன்னொண்ணு, வலிப்புக்கு கார்பமசெபின் சாப்பிடறவங்க ஆவாரை டீயைத் தவிர்க்கறது நல்லது. இலங்கையில 2004ல எலிகள்ல செஞ்சு பாத்தப்ப இந்த டீ அந்த மருந்தோட அளவை ரத்தத்துல நல்லாவே கூட்டிருச்சு. உங்க டாக்டர் கிட்ட என்னென்ன கஷாயம் குடிக்கறீங்கன்னு மறைக்காம சொல்லுங்க.

வவுனியாக்_காடு:
வணக்கம். எங்கட பக்கம் இதை ஆவரசு எண்டுதான் சொல்லுறது. மன்னார், வவுனியா, அங்கால அம்பாந்தோட்டை எண்டு வறண்ட பக்கம் முழுக்கக் கிடக்கு, ரோட்டுக்கரையில மஞ்சளாத் தெரியும். சிங்கள ஆக்கள் ரணவரா எண்டு சொல்லி காஞ்ச பூவை அவிச்சு சக்கரைக்கட்டியோட குடிக்கிறவை, இப்ப டீ பை மாதிரிப் பொட்டலத்திலயும் கடையள்ல கிடக்கு. டாக்டர் சொன்ன அந்த மருந்து விசயம் எனக்குப் புதுசு, எங்கட அத்தை ஒருத்தர் அதே குளிசைதான் எடுக்கிறவ, உடனே ஃபோன் பண்ணிச் சொல்லிப்போட்டன். நன்றி.

தோல்ஷாப்_பேரன்:
இலை பூ எல்லாம் பேசியாச்சு, பட்டையைப் பத்தி யாரும் சொல்லலையே. எங்க தாத்தா திண்டுக்கல்ல தோல் ஷாப்புல வேலை பாத்தவர். அப்பல்லாம் தோல் பதனிடறதுன்னா ஆவாரம்பட்டைதான். காட்டுல இருந்து குச்சியை வெட்டி, பட்டையை உரிச்சு, காய வச்சு, வண்டி வண்டியா வந்து இறங்குமாம். பட்டையில 18 சதவீதம் வரைக்கும் டானின் இருக்கு, அந்த டானின் தோல்ல உள்ள புரதத்தோட சேந்து அதை அழுகவிடாம இறுக்கிப் பிடிச்சுக்கும். தொட்டியில பட்டையை ஊற வச்சு அந்தத் தண்ணியில தோலை முக்கி, நாள்கணக்கா மாத்தி மாத்திப் போட்டு, கடைசியில கடுக்காய்த் தண்ணியில ஒரு முங்கு. அப்படி வந்த தோல் வெளுப்பு மஞ்சளா, மெத்துனு இருக்கும். ஈ.ஐ. லெதர், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர்னு லண்டன் வரைக்கும் போச்சு, இப்ப அதுக்கு புவிசார் குறியீடும் இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஈரோடுன்னு அத்தனை ஊருக்கும் இந்தக் குச்சிச்செடிதான் அடிப்படை.

அப்புறம் ஆப்பிரிக்காவுல இருந்து வாட்டில் பட்டை வந்துச்சு, ஆவாரையை விட டானின் ஜாஸ்தி, விலையும் கட்டுபடியாச்சு. அதுக்காக நீலகிரியிலயும் கொடைக்கானல்லயும் புல்வெளியில வாட்டில் மரமா நட்டுத் தள்ளினாங்க, அதுதான் இன்னிக்கு சோலைக்காட்டுக்கு நடுவுல இருந்த புல்மேட்டை எல்லாம் மூடி நிக்குது. அதுக்கும் மேல பட்டைக்குப் பதிலா குரோமியம் உப்புல பதனிடற முறை வந்து, அந்தக் கழிவால பாலாறு என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும், 1996ல உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்ற அளவுக்குப் போச்சு. பட்டைக்காலத்துலயும் நாத்தம் இருந்துச்சு, கஷ்டம் இருந்துச்சு, தாத்தாவோட கை விரல் கடைசி வரைக்கும் பழுப்பாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தத் தண்ணியில குரோமியம் இல்ல. ஆவாரை வெட்ட வெட்ட அடியில இருந்து தழைச்சுக்கும், வேரோட பிடுங்காத வரைக்கும் அது சாகாது. அந்தத் தொழில் முழுசாத் திரும்பி வராட்டியும் செருப்பு, பை செய்யறவங்க கொஞ்சம் பேராவது பட்டைத்தோல் கேட்டு வாங்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

ஹைதராபாத்_தமிழ்:
தெலங்கானாவுல இதுக்கு இருக்கற மரியாதையைச் சொல்லாம விட முடியல. இங்க தங்கேடு பூன்னு பேரு, 2014ல மாநிலம் பிரிஞ்சதும் இதையே மாநிலப் பூவா அறிவிச்சாங்க. பதுக்கம்மா பண்டிகைக்கு பெண்கள் தாம்பாளத்துல பூவை வட்ட வட்டமா அடுக்கி கோபுரம் மாதிரி எழுப்புவாங்க, அதுல தங்கேடு இல்லாம அடுக்கே கிடையாது. ஒன்பது நாள் சுத்தி நின்னு கைதட்டிப் பாடிட்டு கடைசி நாள் ஏரியில விடுவாங்க. எங்க பக்கத்து வீட்டு அம்மா சின்ன வயசுல விடியக்காலம் தரிசுக்குப் போய் கூடை நிறைய பறிச்சதைச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அந்தத் தரிசு முழுக்க இப்ப பிளாட். பூ சந்தையிலதான் வாங்குறோம்.

கரிசல்காடு:
நம்ம பக்கமும் போகிக்கு காப்புக்கட்ட ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூணும் வேணும்ல. அது ஒரு கொத்து, ரெண்டு கொத்து, அதுல செடிக்கு ஒண்ணும் ஆகாது. வேனல்ல நடக்கறவங்க தலப்பாகைக்குள்ள இதோட தழையைச் செருகிக்கிட்டுப் போவாங்க, சூடு இறங்காதும்பாங்க. நாங்க நாத்தங்காலுக்குத் தழை உரமா மிதிச்சு விட்டிருக்கோம், களர் நிலத்துக்கு ரொம்ப நல்லது. அவரைக் குடும்பம்ல, வேர்முடிச்சுல தழைச்சத்தைப் பிடிச்சு வைக்கும்னு விவசாயக் கூட்டத்துல சொன்னாங்க. சரிதானே சார்?

தாவரவியல்_பாடம்:
தழை உரமாப் போடறது சரி ஐயா, இலை மக்கி சத்து சேரும், களர் நிலத்துக்கும் பலன் உண்டு. ஆனா வேர்முடிச்சு விஷயம் சரியில்ல. அவரைக் குடும்பத்துல எல்லாத்துக்கும் முடிச்சு வராது. கேசியா, சென்னா ரெண்டும் பொதுவா முடிச்சு போடாத கூட்டம். சந்தேகம்னா மழை முடிஞ்சதும் ஒரு இளஞ்செடியைப் பக்குவமாத் தோண்டி வேரை அலசிப் பாருங்க, பக்கத்துலயே ஒரு தட்டைப்பயறுச் செடியையும் தோண்டுங்க, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். காத்துல இருந்து தழைச்சத்தை எடுக்காமலே இவ்வளவு மோசமான மண்ணுல இது பச்சையா நிக்குதுன்னா அதுதான் இந்தச் செடியோட பெருமை.

கரிசல்காடு:
தோண்டிப் பாத்துட்டேன் சார். ஆவாரை வேர்ல ஒரு முடிச்சும் இல்ல, பயறுல கொத்துக் கொத்தா இருக்கு. அடுத்த கூட்டத்துல எடுத்துட்டுப் போய்க் காட்டுறேன்.

மாடித்தோட்டம்_மதுரை:
எல்லாருக்கும் நன்றி. சார் எழுதினதைப் படிச்சுட்டு, பேட்டரியில ஓடற பல்துலக்கற பிரஷ் ஒண்ணு வீட்டுல சும்மா கிடந்துச்சு, அதை எடுத்துட்டு மாடிக்குப் போனேன். பூவுக்குக் கீழ கறுப்பு அட்டையைப் பிடிச்சுக்கிட்டு பிரஷ்ஷோட முதுகை நீள மகரந்தத்தாள்ல வச்சு ஆன் பண்ணேன், சட்டுனு மஞ்சப்பொடி அட்டையில தெறிச்சுது! அது வரைக்கும் விரலால தேச்சு தேச்சுப் பாத்தும் வராதது. அந்தப் பொடியை சின்ன பெயிண்ட் பிரஷ்ல எடுத்து சூலகமுடியில வச்சேன், முடி நுனியில குட்டியா ஒரு குழி இருக்கு, லென்ஸ்ல பாத்தாதான் தெரியும். தொட்டுவிட்ட பூவுக்கெல்லாம் நூல் கட்டி வச்சேன். நூல் கட்டினதுல பாதிக்கு மேல இப்ப பச்சையா மெலிசா காய் நீளுது. கட்டாத பூ எல்லாம் வழக்கம்போல உதிர்ந்துருச்சு.

ஆனா தினம் பிரஷ் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல. வண்டை மாடிக்கு வரவைக்க முடியுமா?

மார்த்தாண்டம்_தேன்பெட்டி:
வரவைக்கலாம், கூட்டுக்கு எடம் குடுத்தா வரும். மூங்கிலை கணு ஒரு பக்கம் அடைச்ச மாதிரி, கட்டைவிரல் நுழையற துவாரம் வச்சு வெட்டி, மழை படாத எடத்துல படுக்கவாட்டுல கட்டித் தொங்கவிடுங்க. காஞ்ச முருங்கைக் கட்டை, பழைய பனைமட்டை இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க, ஒரு மூலையில சாத்தி வைங்க. நீலப்பட்டை போட்ட குட்டையான தேனீ ஒண்ணு இருக்கு, அமெஜில்லா, அதுவும் இதே அதிர்வு வேலை செய்யும். அது மண்சுவர்லயும் மண்தரையிலயும் துளை போட்டு இருக்கும், அதனால ஒரு தொட்டியில களிமண்ணை இறுக்கிக் காயவிட்டு சும்மா வையுங்க. கருவண்டைப் பாத்து பயப்பட வேணாம், அது கூட்டம் கூட்டமா இருக்கற ஜாதி இல்ல, நீங்க கையில பிடிச்சு நசுக்காத வரைக்கும் கொட்டாது. ஆவாரையில தேன் கிடைக்காதுங்கறதால அதோட வயித்துக்கு வேற பூவும் வேணும், எருக்கு, சங்குப்பூ, கிலுகிலுப்பைன்னு ஏதாவது ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும். முக்கியமா பூச்சிமருந்து அடிக்காதீங்க.

செடிப்பைத்தியம்_கோவை:
இலைய மஞ்சப்புழு, பச்சைப்புழு திங்குதுன்னா கூடவா மருந்து அடிக்கக்கூடாது?

தாவரவியல்_பாடம்:
அடிக்க வேண்டாம். அது பெரும்பாலும் வெளிர்மஞ்சள், வெளிர்பச்சைப் பட்டாம்பூச்சிகளோட புழு, கட்டாப்சிலியா, யூரிமா இனங்கள். கொன்றை, ஆவாரை, தகரை இந்தக் கூட்டத்து இலைதான் அதுங்களுக்குத் தாய்ப்பால். ஒரு கிளை மொட்டையாகும், அடுத்த மழையில துளிர்த்துரும்.

கரூர்_தரிசு:
நான் ரொம்ப நாளா படிக்கறவன், எழுதறது இப்பதான். ஒண்ணு சொல்லணும். எங்க ஊர்ப் பக்கம் இப்ப ஆவாரம்பூ விலை போகுதுன்னு ஆள் வச்சு பறிக்கறாங்க. பூவை மட்டும் இல்ல, மொட்டோட கொத்தையே உருவிடறாங்க, ஒரு மேடு முழுக்க ஒரே நாள்ல காலி. பறிக்கற பெண்களைக் குத்தம் சொல்லல, அவங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. ஆனா மொட்டு போயிட்டா காய் எங்க இருந்து வரும்? அந்த வண்டுக்குக் குஞ்சு வளர்க்க மகரந்தம் எங்க இருந்து வரும்? நான் எங்க ஊர் வியாபாரி ஒருத்தர்கிட்ட பேசினேன், விரிஞ்ச பூ மட்டும் எடுக்கறது, ஒவ்வொரு செடியிலயும் மேல் கொத்தை விட்டுறதுன்னு ஒத்துக்கிட்டார். மத்த ஊர்க்காரங்களும் பேசிப் பாருங்க.

சித்தமருத்துவம்_ஓ.பி:
இதை நான் வழிமொழியறேன். மருந்துக்கும் விரிஞ்ச பூதான் வேணும், மொட்டும் காம்பும் கலந்த சரக்கை நான் திருப்பி அனுப்பிடுவேன். நாட்டுமருந்துக்கடையில வாங்கறவங்களும் பொடியா வாங்காம முழுப்பூவா வாங்குங்க, என்ன கலந்திருக்குன்னு தெரியும்.

மாடித்தோட்டம்_மதுரை:
மூங்கில் கட்டியாச்சு. காய் முத்தினதும் விதை எடுத்து கேக்கறவங்களுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். எனக்கு போட்டதுல பாதி மொளைக்கவே இல்ல, ஈஸியா மொளைக்க வழி இருக்கா?

கரிசல்காடு:
விதைத்தோல் ரொம்பக் கெட்டி தம்பி, அதான். தண்ணியைக் கொதிக்க வச்சு அடுப்புல இருந்து இறக்கி, கொதி அடங்கினதும் விதையைப் போட்டு அப்படியே ராத்திரி முழுக்க விட்டுருங்க. காலையில பாத்தா உப்பின விதை அடியில கிடக்கும், அதை எடுத்து விதைங்க, உப்பாததை மறுபடி ஒரு தடவை வெந்நீர்ல போடுங்க. ஆணிவேர் சீக்கிரம் கீழ இறங்கும், பிடுங்கி நட்டா தாங்காது, அதனால பையிலயோ நேரா தரையிலயோதான் போடணும். மொளைச்சு நாலு இலை வர்ற வரைக்கும் ஈரம் இருந்தா போதும், அதுக்கப்புறம் தண்ணியைக் குறைச்சுருங்க. தரிசு வச்சிருக்கறவங்க ஆடி முடிஞ்சு முதல் மழைக்கு வரப்போரமா தூவி விடுங்க. விதை கொஞ்சம் எனக்கும் எடுத்து வைங்க, எங்க ஊர் ஓடைக்கரையில ரோடு அகலப்படுத்துறேன்னு இருந்ததை எல்லாம் ஜேசிபி வச்சு எடுத்துட்டாங்க, அங்க போடணும்.